கழுத்திலிருந்து கால்வரை

"ஏனுங்க சிஸ்டர், இன்னைக்கேவா பூசோணும்?
ராத்திரி பாதம் கழுவுற ஆராதனை.
கோயமுத்தூர்ல இருந்து ஆயர் வாறாரு.
பன்னெண்டு பேரப் பொறுக்கி வெச்சிருக்கேன்,
காலு சுத்தமா இருக்குற பசங்களா."

கழுவுவதற்குச் சுத்தமான கால்.
நான் சிரிக்கவில்லை.
வார்டன் தேவசகாயம் நல்ல மனுசர்.
விடிந்ததிலிருந்து நாற்பத்து மூன்று போர்வைகளைக்
கொதிதண்ணியில் முக்கி முக்கி
விரல் வெந்திருந்தது அவருக்கு.
"கழுவட்டுமுங்க. ஈரம் காஞ்ச பொறவு நான் பூசிக்கறேன்."

டாக்டரம்மா தாராபுரத்திலிருந்து
வாரம் ஒருநாள் வருவார்.
மற்ற ஆறு நாளும் அவர் பெயருக்குக் கீழே
என் கையெழுத்து.
முழு டாக்டருமில்லை, வெறும் நர்சுமில்லை,
அதற்கென்று ஒரு படிப்பு, ஒரு நீளமான பட்டம்.
பையன்கள் அதைச் சுருக்கி
டாக்டரக்கா என்றாக்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு வரிசை.
ஆளுக்கொரு ட்யூப் பெர்மெத்ரின்.
விரலிடுக்கு, அக்குள், தொப்புள், நகத்தடி.
ஒருத்தன் விட்டுப்போனால்
எல்லோருமே விட்டுப்போன கணக்கு.
சிரங்குப் பூச்சி ராத்திரியில்தான் நடமாடும் என்றேன்.
"அதுக்கும் நாளைக்கு லீவாக்கா?" என்றான்
ஆறாம் வகுப்பு ரூபன்.

பூபேஷ் சட்டையைக் கழற்றவில்லை.
பன்னிரண்டு பேரில் ஒருவன்,
ஆயர் துடைத்த கால்களில் இன்னும் துண்டின் நூல்.
"சட்டையோட பூசுங்கக்கா."
"பூச்சி சட்டைக்குள்ளதான இருக்குது கண்ணு."
மற்றவர்களை அனுப்பிவிட்டு
மருந்து அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன்.

காயத்தின் வயதைச் சொல்லப் படித்திருக்கிறேன்.
மஞ்சள் பழசு. ஊதா புதுசு.
வெள்ளைக் கோடுகள் அவன் இங்கே வருவதற்கும் முந்தியவை.
எல்லாம் ஒரே அகலம், இரண்டு விரற்கடை:
தறியில் ஓடும் பட்டை.
இரண்டாம் சனிக்கிழமை வெள்ளகோவில் போய்விட்டு வந்திருந்தான்.

நான் கேட்கவில்லை.
முதுகை நோக்கிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் படிப்புதான்.
அவனே சொன்னான்:
"அப்பா நல்லவருங்கக்கா.
தறி நின்னா மட்டுந்தான்."

இந்த வருசம் தறி எத்தனை நாள் நின்றது
என்று மனசு எண்ணத் தொடங்கியது.
பூசினேன். கையுறையைக் கழற்றவில்லை.
கழற்றியிருக்கலாமோ என்று
இப்போது தோன்றுகிறது.

எங்கம்மாவின் தோடு திருடுபோனபோது
ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியில்
மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினாள்.
கை எரிய எரிய வீட்டுக்கு வந்து
எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.
தோடு வரவில்லை. என் நாக்கு
ரெண்டு நாள் எரிந்தது.

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது
வார்டன் வந்து நின்றார்.
"உயிர்ப்பு ஞாயிறு முடியட்டுமுங்களே.
அவங்கப்பன் எப்படியும் பார்க்க வருவாரு,
உக்கார வெச்சுப் பேசிக்கலாம்.
இப்ப ஜெபம் பண்ணுவோம்."
"பண்ணுங்க" என்றேன்,
பத்து ஒன்பது எட்டை அழுத்திக்கொண்டே.
அவர் முழங்காலிட்டார்.
நான் நின்றிருந்தேன்.
மறுமுனையில் யாராவது எடுக்கட்டும் என்று
இரண்டு பேருமே காத்திருந்தோம்.

வெளியே ஒரு காற்றாலையும் சுற்றவில்லை.
இந்தப் பக்கம் காற்று எழும்ப
வைகாசி ஆகும்.
போர்வைகள் கம்பியில் கனத்துத் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வரவில்லை,
வர விடவில்லை.
வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டே
பூபேஷ் பிரியாணியை ஆறவிட்டான்.
அப்புறம் என்னோடு பேச்சில்லை.

அடுத்த வியாழன் இரண்டாம் பூச்சு,
முட்டையிலிருந்து வரப்போகிறவற்றுக்கு.
அவன் முறை வந்ததும் கையை நீட்டினான்.
"ட்யூபக் குடுங்க. நானே பூசிக்கறேன்."
"முதுகு எட்டாதே."
நின்று யோசித்தான்.
பிறகு ரூபனைக் கூப்பிட்டு,
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு
பொத்தான்களைக் கழற்றினான்.

வாயாடி ரூபன்
ஒன்றும் கேட்காமல் பூசினான்,
ஒவ்வொரு கோடாக, விடாமல்.
நான் ட்யூபின் மூடியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.