இருபது குரோனர்

ஹார்டாங்கரில் ப்ளம் பழுத்த வாரம்.
சாலையோரம் ஒரு மேசை, பத்துப் பைகள்,
ஒரு தகர டப்பா.
விற்க ஆளில்லை.
பை நாற்பது குரோனர் என்று
அட்டையில் எழுதியதோடு சரி.

மூன்று மாலையாகக் கணக்கில்
இருபது உதைக்கிறது.

திரைச்சீலைக்குப் பின்னால்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் தோர்குன்.
சைக்கிள்காரன் வந்தான். முகத்தில் திருட்டுக் களை.
சரியாகத்தான் போட்டான்.
பழம் பறிக்க வந்த போலந்துப் பெண்கள்;
இவர்கள்தான் என்று முதல் நாளே முடிவு கட்டியிருந்தாள்.
சில்லறையை இரண்டு முறை எண்ணிப் போட்டார்கள்.
பாதிரியார் டப்பாமேல் குனிந்தபோது
இவளுக்கு மூச்சே நின்றது.
அவரும் போட்டார்.

மாலையில் கணக்கு நேர்.
அடுப்பில் ஜாம் அடிப்பிடித்திருந்தது.
சப்பென்று இருந்தது அவளுக்கு.
யாராவது ஒருவன்,
ஒரே ஒருவன்,
ஏமாற்றிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மறுநாள் மழை. காவல் இல்லை.
இருட்டும் நேரத்தில் குடைபிடித்துப் போய்
மேசையருகே நின்றே எண்ணினாள்.
இருபது கூடுதல்.
மறுபடி எண்ணினாள். கூடுதல்தான்.

குறைந்தபோது
ஒன்பது பேர் முகம் மனதில் வந்தது.
கூடியபோது
ஒரு முகமும் வரவில்லை.

ஈரக் கையில் அந்த நாணயத்தைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
கடனா, கணக்குப் பிசகா,
சும்மா ஒரு மனசா?
ராஜா தலைக்குப் பின்னால் ஒன்றும் எழுதியில்லை.

பிறகு
தன் மேசையில், தன் டப்பாவில் இருந்த
தன் காசை எடுத்துக் கோட்டுப் பையில் போடுமுன்
சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.