வானத்தைத் தொடாதே

ஜேபெஸ் டாலிடே வரைந்ததை எல்லாம்
கடைசியாகப் பார்த்தவன் நான்.
அழித்தவனும் நானே.

உள்ளங்கை அகலப் பாக்ஸ்மரக் கட்டை,
மேலே வெள்ளைப் பூச்சு, அதன்மேல் அவன் பென்சில்.
உளி போன இடம் வெள்ளை,
போகாத இடம் கறுப்பு.
இவ்வளவுதான் என் தொழில், கிளார்க்கன்வெல் மாடியில்,
ஒரு விளக்கு, அதன் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை.

நார்விச்சில் கையுறை தைப்பவரின் மகன்.
முதலில் விதைக்கடைப் பட்டியலுக்கு முள்ளங்கி.
பிறகு வாரப் பத்திரிகைக்கு ஒரு கப்பல் விபத்து.
கடலைக் கண்டதில்லை;
வீட்டுக்காரியின் சலவைத் தொட்டியைக் கலக்கிக் கலக்கிப் பார்த்து
அறுபத்துமூன்று பேரை மூழ்கடித்தான்.
அவசர வேலை என்று கட்டையை நாலாகப் பிரித்து
நாலு பேருக்குக் கொடுத்தார்கள்.
கேப்டனின் தலை எனக்கு, உடம்பு கிரிம்வுட்டுக்கு.
அச்சில், கழுத்தைச் சுற்றி மயிரிழை வெள்ளை.
"மூழ்கப் போனவனைத் தூக்கில் போட்டுவிட்டீர்களே!"
மாடிப்படியில் நின்று கத்தினான்.
அப்படித்தான் பழக்கமானோம்.

அப்புறம் பதினெட்டு வருடம்
கட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆணைகள்:
இந்த விதவைக்கு மாறுகண் வேண்டாம்.
நாய்க்கு நாலு கால் போதும்.
வானத்தைத் தொடாதே.

எதையும் இடவலம் மாற்றியே வரைந்த கை.
கல்யாணத்தன்று தேவாலயப் பதிவேட்டில்
பெயரையும் அப்படியே எழுதிவிட்டானாம்.
பாதிரியார் சவரக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாராம்.
ஹெப்சிபா சிரித்தாளா, தெரியாது.

பிறர் கதைக்குப் படம் போட்டு அலுத்து
தானே எழுத உட்கார்ந்தான்.
மாதம் ஒரு பகுதி, விலை ஒரு ஷில்லிங்.
மூன்றாம் பகுதியில் ஒரு செதுக்குக்காரன் வந்தான்:
கஞ்சன், மூக்குப்பொடிப் பிரியன்,
நல்ல முகங்களைக் கெடுப்பவன்.
படம் என் மேசைக்கே வந்தது.
மூக்கு என்னுடையது, சந்தேகமே இல்லை.
உளி கையில்.
கொஞ்சம் சீவினால் யாருக்குத் தெரியும்?
சீவவில்லை.
லண்டன் முழுக்க ஆறாயிரம் மூக்கு.
கறிக்கடைக்காரர்கூடக் கண்டுபிடித்துவிட்டார்.
டாலிடே ஒன்றும் சொல்லவில்லை.
மறுவாரம் வாட்டிய வாத்து ஒன்று வந்தது,
ஒரு கால் குறைவாக.

பதினோராம் பகுதிக்கு முன் மார்ச்சளிக் காய்ச்சல்.
கடைசிக் கட்டையை ஹெப்சிபாவே
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
வண்டியிலிருந்து இறங்கும் ஒருத்தி.
நீட்டிய கை வெறும் கோடாக நிற்கிறது;
விரல்களுக்குள் என்ன என்று வரையவில்லை.
கதையும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.
ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை.
தேடினேன். பின்புறம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.
அவன் பென்சில் மிஞ்சியிருந்த ஒரே கட்டை அது.
வியாழன் காலை அச்சகப் பையன் வாசலில் நின்று
காலை மாற்றி மாற்றி வைத்தான்.
வெட்டினேன்.
தூளை ஊதினேன்.
ஏழு ஷில்லிங்.

வாசகர்கள் பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார்கள்:
அவள் எதையாவது கொடுக்கிறாளா, கேட்கிறாளா?
இன்னொன்றும் கேட்டார்கள்.
நிழல் விழும் நடுப்பகலில்
வானம் மட்டும் ஏன்
அப்படிக் கறுத்துக் கிடக்கிறது?