வண்ணக்கன்

(காசின் தரம் பார்ப்பவனை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். இடம்: வைகை முகம், இன்றைய அழகன்குளத்துக்குப் பக்கம்.)

இன்று காலை மூன்று அரசர்களின் முகத்தை வெட்டினேன்.
நான்காமவனுக்கு உளி வழுக்கி
காது மட்டும் போயிற்று.

ஆறு உப்பாகும் இடத்தில் என் பலகை.
பெருங்கலம் இங்கே வராது, ஆழம் போதாது.
கொண்டல் அடங்கினால் வள்ளத்தில் வருவார்கள்
முழங்கால் வரை சேறோடு,
மிளகுக்கும் முத்துக்கும் சங்குக்கும்
தங்கள் அரசர்களைக் கொடுக்க.

பெயர்கள் எனக்குத் தெரியாது.
கழுத்து தடித்தவன், மூக்கு வளைந்தவன்,
தலையில் இலை சூடியவன்,
மீசை அரும்பாத ஒரு பையன்.
எத்தனை நாடு வென்றார்களோ, கேட்டதில்லை.
எத்தனை குன்றிமணி எடை,
அதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசும் கைகள்
எல்லாக் கரையிலும் உண்டு.
உரைகல் தோலோடு நின்றுவிடும்.
உளிதான் உள்ளே போகும்.
எனவே கண்ணுக்கும் தாடைக்கும் நடுவே
ஒரே வெட்டு.
பெரும்பாலும் பொன்.
சிலசமயம் செம்பு சிரிக்கும்.

ஏன் முகத்தில், பின்பக்கம் வெட்டினால் ஆகாதா
என்று சுங்கத்து எயினன் கேட்டான்.
மேடு அங்கேதான், பூச்சும் அங்கேதான் தடிப்பு என்றேன்.
அது பாதி உண்மை.

நேற்று வந்தவன் யவனன் இல்லை.
யவனர் கலத்தில் சுக்கான் பிடிப்பவன்,
மாலிகு என்று பெயர்.
மூன்று பருவம் இங்கே தங்கி
மீன் விலை பேசுமளவு தமிழ் கற்றிருந்தான்.
என் கையை நிறுத்தி
நான் வெட்டலாமா என்றான்.

காசிலிருந்த முகத்தைக் காட்டினான்.
கள் விற்பவளின் அடுப்பைக் காட்டினான்.
பத்து விரலையும் விரித்து
ஒவ்வொன்றாக மடக்கினான்.
மடக்கிய கையை
வெகுநேரம் திறக்கவில்லை.

உளியை நான் யாருக்கும் தருவதில்லை,
மகனுக்குக்கூட.
கொடுத்தேன்.

ஒரு வெட்டு போதும். அவன் மூன்று போட்டான்.
பிறகு பிளவுக்குள் கண்ணை வைத்து
கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவதுபோல் பார்த்தான்.

உள்ளேயும் பொன்தானா?
ஆமாம்.
கடைசி வரைக்குமா?
கடைசி வரைக்கும்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எடை போட்டேன். அரைக் குன்றிமணிகூடக் குறையவில்லை.
மூக்கும் கண்ணும் இல்லாமலே
அந்த அரசன் ஒரு மூட்டை மிளகுக்குச் செல்லுபடியானான்.
மாலிகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.
நல்ல மிளகு. நானே தேய்த்துப் பார்த்தேன்.

இரவு என் கூலியை எண்ணினேன்.
நம் அரசனுடையது சதுரச் செம்பு.
ஒரு பக்கம் யானை, மறு பக்கம் மீன்.

என் தாயின் ஊருக்கு இப்போது பெயர் கிடையாது.
மதிலை இடித்து, கழுதை பூட்டி உழுது,
கொள் விதைத்தார்கள்.
கொள் நன்றாகவே விளைந்ததாம்.
என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு
கடல் தடுக்கும் வரை நடந்தாள்.
தடுத்த இடம் இதுதான்.
இங்கேயும் இதே மீன்.

விளக்கடியில் காசை வைத்து உளியை எடுத்தேன்.
யானையை வெட்ட மனம் வரவில்லை.
அதுவும் எங்கிருந்தோ பிடித்து வரப்பட்டதுதான்.
மீனைத் திருப்பினேன்.
இரண்டு கோடு, ஒரு வால்.
இதற்கு முகம் எங்கே தொடங்குகிறது?

உள்ளே என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.
செம்பு. அதற்குள்ளும் செம்பு.
வெட்டிப் பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

உளிக்கு எண்ணெய் தடவி வைத்துவிட்டேன்.
விடிந்தால் வள்ளங்கள் வரும்.

அந்தக் காசில், வாலுக்குப் பக்கத்தில்
ஒரு கீறல் இருக்கிறது.
கை தவறியது.
எயினன் கேட்டால்
அப்படித்தான் சொல்வேன்.