அலகு இரண்டு

பேரணாம்பட்டு அரசு மகளிர் பள்ளி, பதினொன்று 'சி'.
வரலாறு படித்த என் தலையில் பொருளியல்.
பாடநூலில் ஆப்பிள்:
விலை ஏறினால் தேவை குறையும்.
பலகையின் கீழ்ப்பாதி பெயர்ந்திருந்தது;
நான் இழுத்த கோடு
காரைக்குள் போய்ச் செத்தது.

தஸ்லிமா எழுந்தாள், விரலில் பீடித்தூள்.
"ஆயிரம் சுத்தினா நூறைக் கழிவுன்னு எடுத்துக்கறாங்க.
அந்தக் கழிவையும் விக்கிறாங்க மிஸ்.
அது எந்தக் கோட்டுல வரும்?"

தெரியவில்லை. சாக்பீஸை நீட்டினேன்.
இலை, தூள், நூல் என்று
எழுதிக்கொண்டே போனாள்.
அம்மாவின் ராத்திரி என்று எழுதி
எதிரில் வெறுமனே விட்டாள்.
"ஒரு ரூபாயாவது போடுடி" என்றாள் நவநீதம்.
சிரிப்பு. பிறகு சண்டை.

மணி அடித்தும் ஓயவில்லை.
பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதவேண்டும்.
பேனா கேட்டேன்.
ஒருத்தியும் தரவில்லை,
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.