வலப்பக்கம் இழுக்கிறது

ஸ்டியரிங் கிடையாது.
இரண்டு கைப்பிடிகள், அவ்வளவுதான்.
இரண்டையும் தள்ளினால் முன்னே,
இழுத்தால் பின்னே,
ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால்
நின்ற இடத்திலேயே
சுண்டிவிட்ட காசு.

விற்க வந்தவன் சுழற்றிக் காட்டினான்,
சோஹார் மைதானத்தில், ஒரு மார்ச் காலையில்,
இஸ்திரி கலையாத சட்டையோடு.
மேனேஜர் ஹிலால் கை தட்டினார்.
நான் குனிந்து
அதன் அடிவயிற்றைப் பார்த்தேன்.

அழுத்தி எடுத்த தகரமா, பற்றவைத்த இரும்பா.
கிரீஸ் நிப்பிள் எத்தனை,
அதில் எத்தனைக்கு என் கை எட்டும்.
பெல்ட் அறுந்தால் மஸ்கட்டில் கிடைக்குமா,
துபாயிலிருந்து வர வேண்டுமா,
வரும்வரை புல் சும்மா இருக்குமா.
ஏர் ஃபில்டர் உயரத்தில் இருக்கட்டும் சார்,
இங்கே காற்றில் பாதி மண்.
அறுபது அங்குலம் வேண்டாம்,
கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில்
ஐம்பத்திரண்டுதான் நுழையும்.

மெக்கானிக் பெண் பார்க்க வந்திருக்கிறான் என்று
சூப்பர்வைசர் சஜீவன் மலையாளத்தில் சொன்னது
எல்லோருக்கும் புரிந்தது.
பெண் பார்த்த அன்று நான்
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
கேட்டதெல்லாம் அவள்தான்.

வந்தது. நாலாயிரத்து இருநூறு ரியால்.

சுத்திகரித்த கழிவுநீரில் வளர்கிற புல் இது.
வெட்டி முடித்ததும் அடித்தகட்டைச் சுரண்டாவிட்டால்
உப்புப் பூத்து
ஒரே பருவத்தில் இரும்பு அப்பளமாகும்.
ஃபில்டரைத் தட்டு, ஊதாதே:
ஊதினால் காகிதம் கிழியும்,
கிழிசல் வழியே பாலைவனம் எஞ்சினுக்குள் போகும்.
பிளேடைத் தீட்டி
நடுத்துளையை ஆணியில் மாட்டித் தொங்கவிடு.
தாழ்கிற பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரம்.
தராசு முள் மாதிரி நின்றால்தான் பூட்டுவது.

ஜூலையில் வெட்டு இரவுக்கு மாறியது.
ஓட்டுவது மொஃபிஜ்.
ஒரு விடியலில் போய்ப் பார்த்தால்
மைதானக் கோடுகள் எல்லாம்
வாழைப்பழமாய் வளைந்து கிடந்தன.
வலப்பக்கம் இழுக்கிறது பாய், என்றான்
தரையைப் பார்த்துக்கொண்டே.

டயர்க் காற்று இரண்டிலும் ஒன்றே.
பெல்ட் புதிது.
பம்ப், லிங்கேஜ், பைபாஸ் வால்வு,
மூன்று நாள் அடியில் மல்லாந்து கிடந்தேன்.
நான் ஓட்டினால் நூல் பிடித்த மாதிரி.
அவன் ஓட்டினால் வலது.

நாலாம் இரவு
அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன்.
கை வாய்க்குப் போகவில்லை.
வாய்தான் கைக்குக் குனிந்தது.

தோள்.
ஏப்ரலில் டிரெய்லரிலிருந்து விழுந்தது.
சொன்னால் இருக்கை போகும்,
மறுபடி முதுகில் தூக்கும் மருந்துத் தெளிப்பான்.
அதனால் சொல்லவில்லை.
வலக் கைப்பிடி கடைசி ஓர் அங்குலம்
போகாமலே நின்றது, இரவெல்லாம்.
அவன் மறைத்ததை
அந்த எழுநூறு கிலோ இரும்பு
புல்லில் பெரிதாக எழுதிவிட்டது.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்.
வலக் கைப்பிடியை ஒரு துளை
அவன் பக்கம் தள்ளிப் பூட்டினேன்.
இடப்பக்க ஸ்டாப் போல்ட்டை மூன்று சுற்று உள்ளே.
வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டர்,
பாதி என் காசு.
பல் வலி என்று சொல்லிப் போகிறோம்.

இப்போது அவன் கையில் நேராகப் போகிறது.
வேறு யார் ஏறினாலும்
இடப்பக்கம் இழுக்கும்.
சஜீவன் ஒருமுறை ஏறி
வேலியில் உரசி, திட்டிக்கொண்டே இறங்கினான்.

லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
இருநூற்றுப் பதின்மூன்று மணி நேரம்.
சிறு சரிசெய்தல்.
மெஷினில் குறை எதுவும் இல்லை.