பதினோரு நொடி

நாக்பூர், சீதாபர்டி மெயின் ரோடு, முதல் மாடி.
சேலைக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஜன்னலைத் திறந்தால் தூசி லெட்ஜரில் வந்து உட்காரும்.
அதனால் இந்தத் தெரு எனக்குக் கொஞ்சம் கண்ணாடி வழி,
மீதியெல்லாம் காது வழி.

நேர் கீழே விலாஸ் கஜ்பியே.
நாலடிக்கு ஆறடி தார்ப்பாய்,
அதன்மேல் குவியல் குவியலாய் நைட் பேன்ட்.
அவன் வாயைத் திறப்பதில்லை.
குடைக் கம்பியில் கட்டிய ஒலிபெருக்கி கத்துகிறது
அவன் குரலிலேயே:
தீட்ஷே, தீட்ஷே, எது எடுத்தாலும் தீட்ஷே,
கலர் போகாது, தீட்ஷே
பிறகு ஒரு மூச்சு.
பிறகு எங்கோ தள்ளியிருந்து ஒரு சின்னப் பெண்:
"பாபா, பாவூஸ்!"
மறுபடி தீட்ஷே.

தீட்ஷே என்றால் நூற்றைம்பது.
பாவூஸ் என்றால் மழை.

ஒரு சுற்றுக்குப் பதினோரு நொடி.
கையில் கால்குலேட்டர் இருக்கிறவள் சும்மா இருப்பேனா,
போட்டுப் பார்த்தேன்:
காலை பத்தரை முதல் இரவு ஒன்பதரை வரை
மூவாயிரத்து அறுநூறு மழை.

மே மாதம். நாற்பத்தாறு டிகிரி.
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
மெட்ரோ பாலத்தின் நிழலை விட்டு
ஆட்டோக்கள் நகர மறுக்கின்றன.
வார்தாவிலிருந்து வந்த கல்யாணக் கும்பல் ஒன்று
பையும் கையுமாய் நின்று
நேற்று ஒரு நிமிஷம் வானத்தையே பார்த்தது.
உள்ளூர்க் கழுத்து அசையாது.

விலை ஏறி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது இருநூறு.
ஒலிபெருக்கி மட்டும் ஏறவில்லை.
"நீதானே கத்துகிறாய் நூற்றைம்பது என்று?"
"அது பழசு, அக்கா."
"பழசென்றால் நிறுத்து."
அவன் நிறுத்துவதில்லை.
வாதாடிப் பார்த்துவிட்டு அந்த விலைக்கே கொடுத்துவிடுகிறான்.
தினம் முப்பது உருப்படி அப்படிப் போகிறது,
உருப்படிக்கு ஐம்பது நஷ்டம், ஆயிரத்தைந்நூறு.
என் லெட்ஜராக இருந்தால்
எந்தத் தலைப்பில் எழுதுவேன் என்று தெரியவில்லை.

பக்கத்தில் சாக்ஸ் விற்கிற மோனு
"போனிலேயே புதிதாகப் பதிந்து தருகிறேன், பத்து நிமிஷம்" என்றான்.
அன்று முழுக்க விலாஸ் அவனோடு பேசவில்லை.

பெண் எங்கே என்று நான் கேட்டதில்லை.
அம்மாவோடு சந்திரபூரில் என்கிறார் தர்ரி போஹாக்காரர்.
மோனு வேறு மாதிரி சொல்கிறான்.

ஜூன் ஏழு, ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்தது.
எல்லாரையும் போலத் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு
அவனும் சந்துக்குள் ஓடினான்.
ஒலிபெருக்கி கம்பியிலேயே மாட்டிக்கொண்டது.
வண்டியில் தூக்கிப் போட்ட பிறகும்
கத்திக்கொண்டேதான் போனது,
வெரைட்டி சதுக்கம் வரை, தீட்ஷே, தீட்ஷே,
கடைசியாக எது கேட்டது என்று சொல்ல முடியவில்லை,
ஒரு பஸ் ஹாரன் குறுக்கே விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் அபராதம் கட்டி மீட்டு வந்தான்.
டப்பா வந்தது. உள்ளே இருந்த நகமளவு கார்டு வரவில்லை.

நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.
அந்த வாரம் கூட்டல் மூன்று இடத்தில் தப்பியது.
பதினோரு நொடிக்கொருமுறை பேனா தானாக நின்றது.

பதினாறாம் தேதி, நாலரை மணி.
காற்று முதலில் பாலிதீன் பைகளை எழுப்பியது.
கோட்டை மேட்டுப் பக்கம் கறுத்தது.
லெட்ஜர் எக்கேடு கெட்டால் என்ன, ஜன்னலைத் திறந்தேன்.
மோனு குனிந்து சாக்ஸை அள்ளிக்கொண்டிருந்தான்.
பிடரியில் முதல் துளி விழுந்ததும்
தலை நிமிராமல், கை நிற்காமல் சொன்னான்:
"பாபா, பாவூஸ்."
அதே இழுப்பு, அதே ஏற்றம்.
சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

மடித்துக்கொண்டிருந்த தார்ப்பாய் முனையோடு
விலாஸ் அப்படியே நின்றான்.
எதிரே நனைந்தபடி ஒருத்தி
ஒரு நீல பேன்டைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு என்றாள்.

தீட்ஷே என்றான்.
கரகரத்தது.
ரொம்ப நாளாக உபயோகிக்காத குரல்.