எத்தனை போனால்

அறிக்கையின் முதல் கேள்வி இது:
எத்தனை சேர்வர் அணைந்தால்
பாதிப்பேர் பேச்சிழப்பர்?
பெரிய எண் வந்தால் வலையமைப்பு சுகம்.
சிறிய எண் என்றால் வைத்தியம் பார்க்கவேண்டும்.

வெள்ளவத்தையில்
கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
மேசைத் தேத்தண்ணி நடுங்கும் அறையில்
மூன்று வாரம் எண்ணினேன்.

நாற்பத்தொரு சேர்வர்.
யாருக்கும் யாரும் முதலாளி இல்லை என்று
நாங்களே கட்டி
நாங்களே மெச்சிக்கொண்ட வலை.
கொட்டாஞ்சேனையில் யூட்,
மீனுக்கு ஐஸ் விற்கிறவன்,
பெட்டிகளுக்கு நடுவே ஒன்று வைத்திருக்கிறான்.
அதில் ஏழு பேர்.
ஆறு பேர் அவன் மச்சான்மார்.
நுகேகொடை தில்ருக்கின் சேர்வரில்
பஸ் இலக்கங்கள் பற்றி மட்டும் கதைப்பார்கள்,
சிங்களத்தில், விடிய விடிய.
மொறட்டுவை மாணவர்களுடையது
பரீட்சைக் காலத்தில் செத்து
பெறுபேறு வந்ததும் எழும்பும்.

படம் கீறினேன்.
நடுவில் பெரிதாக ஒன்றுமில்லை,
பொரித்த அப்பளம்போல
எங்கும் சின்னச் சின்னக் கொப்புளம்.
ஒன்பது, என்று எழுதினேன்.
ஒன்பது போனால்தான் பாதி ஊமை.
நல்ல எண்.
அன்றிரவு கொத்து வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு பில்லைப் பார்த்தேன்.

காசு கட்டுவது யார் என்ற நிரலை
ஏன் கடைசியாகத் திறந்தேனோ தெரியாது.
நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று
ஒரே வங்கி அட்டையில் போகிறது.
ஃபலீலா ஜுனைதீன்,
கொம்பனித்தெரு, தொடர்மாடியின் நாலாம் தளம்.
ஒருவன் கனடா போனபோது ஒன்று,
ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தபோது ஒன்று,
'கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கொள்ளுங்கோ' என்று
அவள் கையில் வைத்துவிட்டுப் போனவை.
அவள் கேட்டதில்லை.
மறுத்ததுமில்லை.
ஒன்பதை வெட்டி
ஒன்று என்று எழுதினேன்.

அந்தச் செவ்வாய்
முப்பத்துமூன்று புள்ளிகளும் ஒருமித்து அணைந்தன.
கரண்ட் கட் என்றுதான் முதலில் நினைத்தேன்.
தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
ஏதோ சான்றிதழ் காலாவதி.
புதுப்பிக்க ஓர் ஆள்.
அந்த ஆளுக்கு டெங்கு.

யூட்டின் சேர்வர் மட்டும்
மறுமொழி வராத முப்பத்துமூன்று கதவையும்
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தது.
அது இயந்திரத்தின் வழக்கம், எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
விடியுமட்டும் அதைப் பார்த்திருந்தேன்.

அவள் தங்கை செய்தி அனுப்பினாள்.
காலையில் எழுபத்தெட்டாயிரம்.
பின்னேரம் நாற்பத்தோராயிரம்.
மறுநாள் இருபத்தாறு.
என் அளவைகளை எல்லாம் மூடிவிட்டு
அந்த ஓர் எண்ணுக்குக் காத்திருந்தேன்.
ஒரு வலையமைப்பின் சுகத்தை
இரத்தத்தில் ஓடும் தட்டுக்களால்
எந்த ஆய்வும் அளந்ததாக நான் படிக்கவில்லை.
என்னுடைய கணக்கும் அவள் சேர்வரில்தான்.
யாரிடமும் சுகம் விசாரிக்க வழியில்லாமல்
அளந்தவனும் ஊமையாக இருந்தேன்.

முப்பத்தொன்று.
ஐம்பத்தைந்து.

ஒன்பதாம் நாள் போனேன்,
இரண்டு செவ்விளநீருடன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பப்பாசி இலைச் சாற்றுக்கு முகம் சுளித்தபடி
லைட் பில்லின் பின்பக்கத்தில்
கடவுச்சொற்களை எழுதிக்கொண்டிருந்தாள்.
பாதியில் பேனை தீர்ந்தது.
மிச்சம் மகனின் பச்சைப் பென்சிலால்.
'யாராச்சும் கேப்பீங்கண்டு
மூணு வருஷமா பாத்துக்கிட்டு ஈந்தேன்' என்றாள்.
கோபம் இல்லை குரலில்.
இருந்திருக்கலாம்.

காலி வீதி பஸ்ஸில் நின்றபடி
அறிக்கையைத் திருத்தினேன்.
ஒன்றை வெட்டி இரண்டு.
இன்னும் நோய்தான்,
என்றாலும் இரண்டு.
தாளை மடிக்கையில் முன்பக்கம் தெரிந்தது:
சிவப்பு எழுத்தில், துண்டிப்பு அறிவித்தல்.
நாளைதான் கடைசி.

பம்பலப்பிட்டியில் இறங்கி
கட்டுகிற இடம் எதுவென்று
முதலில் கண்டவரிடம் கேட்டேன்.